சிக்னல் கிடைக்கும் பாறை

எங்கள் ஊர் சித்தேரி மலையில் இருக்கிறது. ஊருக்கு மேலே ஒரு மொட்டைப் பாறை. போன் பேச வேண்டுமென்றால் அங்கேதான் ஏற வேண்டும். பெண் பார்த்துவிட்டுப் போனவர்களுக்குப் பதில் சொல்வதும், பொம்மிடியில் ரயில் ஏறியவன் போய்ச் சேர்ந்தானா என்று கேட்பதும் அங்கே நின்றுதான்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். பாப்பிரெட்டிப்பட்டியில் ஓர் அலுவலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. இடி விழும் முன்னே எச்சரிக்கிற செயலியை ஊர் ஊராகப் போய் மக்களின் போனில் ஏற்றி, பார்க்கவும் கற்றுத்தர வேண்டும். முதலில் அக்கா வீட்டுக்காரரைப் பிடித்தேன். ஆடு மேய்ப்பவர். பகலெல்லாம் வெட்டவெளியில் இருப்பவர்.

"இடி வர்றத இது சொல்லிருமா?"

"கிட்ட வந்தா செவப்பா காட்டும் மாமா."

"உங்கக்கா கோவமா வந்தா காட்டுமான்னு மொதல்ல கேட்டுச் சொல்லுடா மச்சான்."

செயலியை இறக்க சிக்னல் வேண்டுமே. பாறைக்குத்தான் கூட்டிப் போனேன். அவருக்கு எழுத்து தெரியாது, ஆனால் நிறம் போதும். "மேகம் கருத்தா மொதல்ல இதப் பாருங்க மாமா. செவப்பு இருந்தா ஆட்ட ஓட்டிக்கிட்டு வூட்டுக்கு வந்துருங்க" என்றேன். இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னேன். பிசகாமல் சொன்னார். பாறைமேல் போனைப் பிடித்துக்கொண்டு அவர் சிரிப்பதைப் படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பினேன். நல்ல படம் என்று பாராட்டினார்கள்.

சித்திரையில் ஒரு பிற்பகல் கோடை மழையில் அவர் இறந்தார். ஆடுகள் ஓடையோரப் பள்ளத்தில் நின்றிருந்தன. ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. வானம் கருத்தால் அவரும் அந்தப் பள்ளத்தில்தான் கோணியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருப்பார். இத்தனை வருடப் பழக்கம். அன்று பாறையில் கிடந்தார்.

அலுவலகத்தில் அறிக்கை கேட்டார்கள். 'ஆடு மேய்க்கும்போது மின்னல் தாக்கி' என்று எழுதிக் கொடுத்தேன். அதில் பொய் என்று ஒரு சொல் இல்லை. ஆனாலும் கையெழுத்துப் போட நெடுநேரம் ஆயிற்று.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். "எந்தம்பி பேச்சுன்னா தட்டவே மாட்டாருங்க. லேசா மூட்டம் போட்டாலும் பாறைக்கு ஏறி சிக்னல் புடிச்சுப் பாத்துட்டு வந்துருவாரு. படிச்ச புள்ள சும்மா சொல்லுவானாம்பாரு." அதைப் பெருமையாகத்தான் சொன்னாள். நான் தண்ணீர் கொண்டுவருகிற சாக்கில் எழுந்து போய்விடுவேன்.

காரியம் முடிந்த மறுநாள் தன் போனை என்னிடம் நீட்டினாள்.

"எனக்கும் அதப் போட்டுக் குடுடா. ஆட்ட இனிமே நாந்தான ஓட்டணும். வா, பாறைக்குப் போலாம்."

கிளம்பியும் விட்டாள். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அக்கா, மேகம் கருத்தா பாறப் பக்கமே போவாத. போனும் பாக்க வேணாம். பள்ளத்துலயே குந்திக்க. ஒசரமான எடத்துலதான்க்கா இடி மொதல்ல வுழும்."

அக்கா பாறையை நிமிர்ந்து பார்த்தாள்.

"இத அவருக்குச் சொன்னியாடா?"

"இல்லக்கா."

 அக்கா என் கையிலிருந்த போனை வாங்கிக்கொண்டு, பட்டியைத் திறந்து ஆடுகளை வெளியே விட்டாள்.