ருமேனியா மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை என் மகளைப் பெண் பார்க்க ஆயக்குடியிலிருந்து வந்தார்கள். கொய்யாத் தோட்டக்காரர்கள். பையன் சலீம், அவனுடைய அம்மா, அத்தா... மூன்று பேர்தான். நான் வாசலுக்குப் போய் சலாம் சொன்னேன். அந்த அம்மா பதில் சலாம் சொல்லிவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"மனசத் தேத்திக்கங்க. நம்ம கையில என்னங்க இருக்குது" என்றார்.

பெண் பார்க்க வந்தவர்கள் துக்கம் விசாரித்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் தலையை ஆட்டி வைத்தேன். யார் மௌத்தாகிவிட்டார்கள்? மனசுக்குள் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராக வரிசையில் நிறுத்திப் பார்த்தேன். எல்லாரும் அன்று காலைகூட வாட்ஸப்பில் பூப்படம் போட்டிருந்தார்கள்.

உள்ளே வந்து உட்கார்ந்ததும் பையனுடைய அத்தா தொண்டையைச் செருமினார். பெண் பார்ப்பதை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம், இன்றைக்கு விசாரித்துவிட்டுப் போகத்தான் வந்தோம் என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "மொதல்லயே ஒரு எடத்துல மாப்பிள்ளை பேசி வெச்சிருந்ததை எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமுங்க" என்றார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. திரும்பி என் கணவரைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் கணவர் ரபீக்கை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். பேகம்பூரில் செருப்பு தைக்கிறவர்களுக்கு சோல், வார், பசை எல்லாம் விற்கிற கடை வைத்திருக்கிறார். பதினேழு வருஷத்துக்கு முன்னால் ருமேனியாவிலிருந்து ஒருவர் தோல் வாங்க திண்டுக்கல் வந்தார். இரண்டு நாள் இவர்தான் ஊரைச் சுற்றிக் காட்டினார். போகும்போது அந்த மனிதர் தன் ஊர் கால்பந்து அணியின் பனியன் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். முதுகில் ஒன்பதாம் நம்பர். அதற்கு மேலே ஒரு பெயர்.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். எழுதினாலும் உங்கள் வாயில் நுழையாது, எங்கள் வாயில் நுழையவில்லை. அதனால் இவர் தன் கூட்டாளிகளைக் கூப்பிடுகிற மாதிரியே அவனையும் 'மாப்ள' என்று கூப்பிட ஆரம்பித்தார். சட்டை நம்மிடம் இருக்கிறதே, ஆள் எப்படி ஆடுகிறான் என்று பார்ப்போம் — அவ்வளவுதான் தொடக்கம்.

ஆள் நன்றாகத்தான் தொடங்கினான். பதினெட்டு வயசு ஃபார்வர்டு. முதல் ஆட்டத்திலேயே இரண்டு கோல். அந்த நாட்டு ஜூனியர் அணியில் எடுத்தார்கள். தலைநகரத்தில் ஒரு பெரிய கிளப் தூக்கிக்கொண்டு போனது. என் கணவர் கடையில் வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

பெரிய கிளப்பில் மாப்பிள்ளை பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரை லோனில் அனுப்பினார்கள். கால்பந்தில் ஆளையே லோனுக்குக் கொடுப்பார்களாம், உங்களுக்குத் தெரியுமா? எனக்கு அன்றுதான் தெரியும். இருபத்து மூன்று வயசில் முட்டியில் லிகமென்ட் கிழிந்தது. ஆபரேஷன். அதற்குப் பிறகு ஹங்கேரி, சைப்ரஸ், குவைத்தில் இரண்டாம் டிவிஷன், திரும்பவும் ருமேனியா... மொத்தம் ஒன்பது அணி. கோல் போட்டதைவிட பெட்டி கட்டியதுதான் அதிகம்.

ஆளில்லாத கோலுக்கு மேலே பந்தை அடித்ததை நானே வீடியோவில் பார்த்திருக்கிறேன். "கிரவுண்டு ஈரமா இருந்துச்சு" என்றார் என் கணவர். பார்த்தால் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறது.

ஏன் இந்த ஆளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள், உலகத்தில் நல்ல ஆட்டக்காரனே இல்லையா என்று பல தடவை கேட்டிருக்கிறேன். பிறகு அதை நிறுத்திவிட்டேன். அந்த முட்டி கிழிந்த வருஷம். அதே வருஷம்தான் எங்கள் கடையும் படுத்தது. பெட்டி பெட்டியாக ரெடிமேட் செருப்பு வந்து இறங்கியது. தைக்கிறவர்கள் தொழிலை விட்டார்கள். சோல் வாங்க ஆளில்லை. இவர் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சரியாகப் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை. பயந்துபோய் நான் யார் யாரையோ வந்து பேசச் சொன்னேன். யார் பேசியும் அசையவில்லை. போனை எடுத்து அந்த முட்டியைப் பற்றி ஏதாவது செய்தி வந்திருக்கிறதா என்று பார்ப்பது மட்டும் நிற்கவில்லை.

பதினோரு மாசம் கழித்து மாப்பிள்ளை ஏதோ ஒரு ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிஷம் இறங்கினார். கோலெல்லாம் இல்லை. சும்மா ஓடினார். மறுநாள் காலையில் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, "கடையைத் தொறந்துட்டு வாரேன்" என்று கிளம்பினார். கைப்பை, பெல்ட் செய்கிறவர்களுக்கு வேண்டிய பக்கிள், ஜிப் என்று சரக்கை மாற்றினார். பிழைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு அந்த ஆளைக் கிண்டல் செய்வேன், கேள்வி மட்டும் கேட்பதில்லை.

இனி போன வாரத்துக்கு வருகிறேன்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை ஓய்வை அறிவித்தார். இவர் கடையிலிருந்து கொடைரோட்டில் இருக்கிற தன் பழைய கூட்டாளி பாலுவுக்குப் போன் போட்டிருக்கிறார். "மாப்ள போயிட்டாப்லடா பாலு. முப்பத்தஞ்சு வயசுதான். முட்டியாலயே முடிஞ்சுபோச்சு. எம்மகதான் ரொம்ப சங்கடப்படுறா."

அந்த நேரம் கடையில் வார் வாங்க நின்றவர் ஆயக்குடிக்காரர்களுக்குச் சொந்தம். இதற்கு மேல் நான் சொல்ல வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை அந்தச் சபையில் என் கணவர் விளக்கம் கொடுக்க ஆரம்பித்தார். "அவரு மௌத்தாகலீங்க. ரிட்டயர்தான் ஆயிருக்காரு."

பையனுடைய அம்மாவுக்கு முகம் இன்னும் வெளுத்தது. "ரிட்டயர் ஆன ஆளுக்கா பொண்ணு பேசுனீங்க?"

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். சிரிப்பதற்கு அல்ல. நல்ல இடம், விசாரித்து வந்த இடம். இப்படி ஒரு பேச்சோடு திரும்பிப் போனால் ஆயக்குடியோடு நிற்குமா? அடுத்து வருகிறவர்கள் காதுக்கும் போகும்.

என் மகள் நிலோஃபர்தான் உள்ளறையிலிருந்து வந்தாள். யாரும் கூப்பிடவில்லை. பீரோவிலிருந்து அந்தப் பனியனை எடுத்து வந்து மேஜைமேல் விரித்தாள். இவர்தான் அத்தா சொல்கிற மாப்பிள்ளை, கால்பந்து ஆடுகிறவர், ருமேனியாவில் இருக்கிறார், அவருக்கு எங்களைத் தெரியவே தெரியாது என்று சுருக்கமாகச் சொல்லி முடித்தாள்.

சலீம் போனில் அந்தப் பெயரைத் தட்டிப் பார்த்தான். "ஒம்பது டீமுங்களா? ஒரு எடத்துலயும் நெலைக்கலையே" என்றான்.

"நெலைக்கலதான். ஆனா கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் போயி ஆடுனாருல்ல" என்றாள் நிலோஃபர். "முட்டிக்குள்ள என்ன இருக்குன்னு நான் மொதமொதல்ல அத்தாட்டக் கேட்டதே இவரு அடிபட்டப்பதான். அதான் பிசியோதெரபி படிச்சேன்."

என் கணவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பன்னிரண்டு வயசில் அவள் கேட்ட கேள்வி அது. அதனால்தான் படித்தாள் என்பது அவருக்கு அன்றுதான் தெரியும். எனக்கும்தான்.

பையனுடைய அம்மா மெதுவாகத் தன் காலை நீட்டினார். படியேறும்போது வலது முட்டி கடகடவென்று சத்தம் போடுகிறதே, அது எதனால் என்று கேட்டார். நிலோஃபர் தரையில் உட்கார்ந்து காலை மடக்கி நீட்டச் சொல்லி, அரை மணி நேரம் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். டீ ஆறிப்போய் மறுபடி போட்டேன். அந்தப் பக்கம் சலீம் என் கணவரிடம் பெனால்டிக்கும் ஃப்ரீ கிக்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டு மாட்டிக்கொண்டான். பாவம், அவனுக்கு அனுபவம் பத்தாது.

மூன்று நாள் சத்தமில்லை. புதன்கிழமை போன் வந்தது. முட்டி பரவாயில்லை என்று தொடங்கி, எங்களுக்குச் சம்மதம் என்று முடித்தார் அந்த அம்மா. நிலோஃபர் சலீமோடு ஒரு தடவை பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றாள். பேசினாள். சரி என்றாள்.

அன்று சாயங்காலம் என் கணவர் என்னிடம் போனை நீட்டினார். ருமேனியா மாப்பிள்ளையின் ஃபேஸ்புக் பக்கத்துக்கு இங்கிலீஷில் ஒரு மெசேஜ் எழுதியிருக்கிறாராம், பிழை இருந்தால் திருத்த வேண்டுமாம். இரண்டே வரி. பதினேழு வருஷமாக உங்கள் ஆட்டம் ஒன்றுகூட விடாமல் பார்த்தேன். ஓடியதற்கு நன்றி.

ஒரு ஸ்பெல்லிங் தப்பாக இருந்தது. திருத்தவில்லை. அப்படியே அனுப்பச் சொன்னேன்.

நானும்தான் எட்டு வருஷமாக வாராவாரம் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் எழுதுகிறேன்... இவர் இதுவரை ஒரு வாரம்கூடப் படித்ததில்லை.