முப்பத்திரண்டாவது தலைக்கட்டு

வேலுத்தாயின் வீடு எரிந்தபோது அவள் ஊரில் இல்லை. ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். 1997-ல், அவள் ஊரான கரட்டூரணியின் இரண்டு தெருக்காரர்களும் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட கோடை அது. சாயங்காலப் பஸ்ஸுக்குக் கிளம்பியவளை, பக்கத்து மேஜைக்காரி சந்தனம் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னைக்கு ஊருக்குப் போவாத. இங்கனயே கெட."

"ஏன்ட்டி?"

"சொன்னா கேளு. போவாத."

சந்தனம் மேலத்தெருக்காரி, வேலுத்தாய் கீழத்தெரு. ஊரில் ஒருத்தி வாசலை மற்றவள் மிதித்ததில்லை. ஆனால் கம்பெனியில் ஒன்பது வருஷமாக மத்தியானக் குழம்பை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டவர்கள். அதனால் வேலுத்தாய் மேலே கேட்காமல் தங்கிவிட்டாள். விடிந்ததும் சேதி வந்தது. கீழத்தெருவில் முப்பத்திரண்டு கூரைகள் சாம்பல். அவள் புருஷன் பால்ச்சாமியின் ஒரே போட்டோவும் அதற்குள்தான் இருந்தது.

அன்றோடு சந்தனத்திடம் பேச்சு நின்றது. உயிரைக் காப்பாற்றினாளே என்று கும்பிடுவதா, தெரிந்திருந்தும் வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று காறித் துப்புவதா? இரண்டுமே வாய்க்கு வரவில்லை. பத்து மாதம் ஒரே வரிசையில், முழங்கை இடிக்கும் தூரத்தில், இருவரும் தங்கள் தங்கள் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

வீடிழந்தவர்கள் சொந்தக்காரர் வீடுகளில் ஒண்டினார்கள். வேலுத்தாய்க்குப் பிள்ளையும் இல்லை, போக இடமும் இல்லை. முதலாளி குடோனில் படுத்துக்கொள்ளச் சொன்னார். துணிப் பொதிகளுக்கு நடுவே ஒரு ஆள் நீளத்துக்கு இடம். சலவை மருந்தின் வாடை தலைமுடி வரைக்கும் ஏறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதான் பொல்லாதது. தறிகள் நின்றுவிடும்; காலையில் எழுந்தால் ராத்திரி வரை யாரும் அவள் பெயரைச் சொல்ல மாட்டார்கள். சில நாள் அவளே சொல்லிப் பார்த்துக்கொள்வாள், "ஏ வேலுத்தாய், சோறு தின்னியா?" என்று.

நாலு நாட்டு ஸ்தாபனங்கள் ஒரே பானையில் போட்ட பணம் ஒன்று, அடிபட்ட ஊர்களைத் தூக்கி நிறுத்த வந்தது. அதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரில், கோர்ட்டுக்கு எதிர்த்த மாடியில் ஒரு ஆபீஸ். ஊர்ப் பொறுப்பு கிருபாபாய் என்கிற பெண்ணுக்கு. மேலத்தெருவுக்குத் தண்ணீர்த் தொட்டி, கீழத்தெருவுக்கு வீடுகள். ஆனால் இரண்டு தெருவும் ஒரே கமிட்டியாக உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால்தான் ஒரு செங்கலாவது இறங்கும். அதுதான் நிபந்தனை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலுத்தாய் ஊருக்குப் போனாள். கீழத்தெருவில் புது வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தார்கள். வீடு வீடாக எண்ணிக்கொண்டே நடந்தாள். முப்பத்தொன்றோடு நின்றது. அவள் அடுப்பு இருந்த இடத்தின் மேல் இரண்டு நீளக் கோடுகள். புதுப் பாதையாம்.

தெரு நாட்டாமை சோணைமுத்து அவளுக்குக் கொழுந்தன் முறை. அவன் வேட்டியைச் சரிசெய்துகொண்டே எழுந்து வந்தான்.

"வேணும்னா செஞ்சேன் மதினி? பொங்க வரி நோட்டப் பாத்து எழுதிக் குடுத்தேன். தலைக்கட்டெல்லாம் அதுலதான இருக்கு."

கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. அம்மன் பொங்கலுக்கு ஆளுக்கொரு வரி. பதினாலு வருஷத்துக்கு முன்னால் பால்ச்சாமி செத்தபோது, அன்றைய நாட்டாமையான சோணைமுத்துவின் அப்பா அந்தப் பெயரை அடித்தார். பிள்ளையில்லாதவளிடம் வரி வாங்கினால் அம்மன் சிரிப்பாள் என்றார். ஊரே அவரைப் புண்ணியவான் என்றது. வேலுத்தாயும் அவர் காலில் விழுந்து எழுந்தாள்.

"நான் அங்கன குடியிருந்தது ஒமக்குத் தெரியாதா கொழுந்தனாரே?"

"தெரியாம என்ன? ஒம் பேரு நோட்டுல இல்லாதது பழகிப் போச்சு மதினி. கண்ணுல படல."

மறுநாள் அரைநாள் லீவு போட்டுவிட்டு ஆபீஸ் மாடியேறினாள். கிருபாபாய் நாற்காலி இழுத்துப் போட்டாள்.

"எக்கா, ஒருத்தர் பணம்னா நானே ஒரு கடுதாசி எழுதி முடிச்சிருவேன். நாலு எடத்துலயும் முப்பத்தொண்ணுன்னு பதிஞ்சிருக்கு. இன்னொண்ணு சேக்கணும்னா ரெண்டு தெருவும் ஒண்ணா உக்காந்து எழுதித் தரணும்."

"மின்னாடி உக்காந்துதான எழுதுனிய?"

கிருபாபாய் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "இல்லக்கா. சண்ட வந்துருமோன்னு பயந்து, நான்தான் வீடு வீடாப் போயி கையெழுத்து வாங்குனேன். உக்காந்ததா எழுதிட்டேன். உண்மையிலயே உக்காந்திருந்தா யாராவது ஒருத்தர் ஒங்க பேரச் சொல்லியிருப்பாவ."

கீழத்தெருவில் பேசிப் பார்த்தாள். "ஒத்தக் கூரைக்காக அவிங்ககூட ஒரே பாய்ல உக்காரணுமாக்கும்!" என்றான் ஒருவன். முடிவில் சோணைமுத்து ஒரு வார்த்தை விட்டுக்கொடுத்தான்: "மொதல்ல அவிய வரட்டும். வந்தா நாங்க வாறோம்."

மேலத்தெருவில் அவளுக்கு ஒருத்தியைத்தான் தெரியும். அந்த ஒருத்தி கமிட்டியிலும் இருந்தாள்.

அன்று முழுக்கத் துணி சுற்றினாள். மணி அடிக்கப் போகும் நேரத்தில், தலையைத் தூக்காமல், "ஏட்டி சந்தனம்" என்றாள்.

சந்தனத்தின் கையிலிருந்த ரோல் தரையில் விழுந்து உருண்டு வெள்ளையாக விரிந்தது. அவள் எடுக்கவில்லை. வேலுத்தாய் விஷயத்தைச் சொன்னாள்.

"நான் வாரேன். எங்க ஆளுக வருவாகளான்னுதான்..."

"அன்னைக்கு என்னை நிப்பாட்டத் தெரிஞ்சதுல்ல? இன்னைக்கு ரெண்டு பேரக் கூட்டியாரத் தெரியாதோ?"

சந்தனம் சொன்னாள்: "வீடுன்னு சொல்லியிருந்தா நீ ஓடியிருப்ப. ஒன்னையப் பத்தித் தெரியாதா எனக்கு? அதான் சொல்லல."

வேலுத்தாய் குனிந்து, விழுந்த ரோலை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூட வராந்தா. கிருபாபாய் ஒரே நீளப் பாயாகத் தேடிக் கொண்டுவந்து விரித்திருந்தாள். சந்தனம் இரண்டு ஆண்களோடு வந்து ஒரு முனையில் உட்கார்ந்தாள். கீழத்தெருக்காரர்கள் மறுமுனையில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு மாட்டு வண்டி போகலாம்.

எதிர்ப்பு வேலுத்தாயின் சொந்தத் தெருவிலிருந்தே வந்தது. "தலைக்கட்டுல இல்லாதவளுக்கு வீடுன்னா, நாளைக்கு எல்லாரும் வருவாவளே?"

"அப்ப என்னையும் தலைக்கட்டாப் போடுங்க. முழு வரி தாறேன்."

"பொம்பளைக்கு ஏது தலைக்கட்டு?" என்றதும் சிலர் சிரித்தார்கள்.

மறுமுனையிலிருந்து சந்தனம் சொன்னாள்: "எரிக்கும்போது தலைக்கட்டு பாத்தா எரிச்சாக?"

சிரிப்பு நின்றது. எரிந்தது என்பார்களே தவிர, எரித்தார்கள் என்று அதுவரை அந்த ஊரில் மேலத்தெரு வாய் ஒன்று கூடச் சொன்னதில்லை. கூட வந்த இரண்டு ஆண்களும் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையை வேலுத்தாய் கவனித்தாள். சோணைமுத்து பேனாவைக் கேட்டு வாங்கி முதல் கையெழுத்தைப் போட்டான். தாள் பாயின் நீளத்துக்கும் கை மாறிப் போனது.

வீடு வந்தது. பழைய இடம் பாதையாகிவிட்டதால், தெருக் கடைசியில், பக்கத்தில் எந்த வீடும் இல்லாத மூலையில் கட்டிக் கொடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தால் மேற்கே மலை மட்டும் தெரிந்தது. பால் காய்ச்சிய அன்று கீழத்தெருவே வந்து குடித்துவிட்டு, வெயில் ஏறுமுன் போய்விட்டது.

சந்தனம் வரவில்லை. வர முடியாது. கமிட்டியிலிருந்து அவள் பெயரை அவள் தெருவே எடுத்துவிட்டது, கம்பெனிக்கும் அனுப்பவில்லை. மகள் வீட்டோடு கோவில்பட்டியில் இருக்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். பக்கத்து மேஜை சும்மா கிடந்தது. மத்தியானத்தில் வேலுத்தாய் தன் குழம்பைத் தானே முழுக்க ஊற்றிக்கொண்டாள்.

அடுத்த பங்குனியில் பொங்கல் சாட்டினார்கள். வரி நோட்டோடு சோணைமுத்து தெரு நெடுக வாசல் வாசலாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தான். சத்தம் நெருங்கி நெருங்கி வருவதை அவள் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசி வாசலில் நின்றான். தொண்டையைச் செருமினான். ஒரு பெண்பெயரை அப்படிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை.

"வேலுத்தாய் தலைக்கட்டு!"

முதல் தடவையே காதில் விழுந்தது. பணமும் கையில்தான் இருந்தது. ஆனாலும் அவள் எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று இருந்தாள்.