ரெண்டு பக்கமும் வைப்பர்

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பிறகு, புதுக்கோட்டையில் பெரிய வீடுகளின் கொட்டகைகளிலிருந்து பழைய கார்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. நல்ல வண்டிகளை நல்லவர்கள் வாங்கிக்கொண்டு போனார்கள். மிஞ்சிய ஒன்று என்னிடம் வந்து சேர்ந்தது. யுத்தத்துக்கு முந்தைய அமெரிக்க வண்டி. அதை வாடகைக்கு ஓட்டினேன் என்று சொல்வது அந்த வண்டிக்குச் செய்யும் மரியாதை. பாதி நேரம் நான் அதைத் தள்ளினேன், மீதி நேரம் சவாரி வந்தவர்கள் தள்ளினார்கள்.

மாட்ட இரண்டு பக்கமும் இடம் இருந்தாலும், அதில் வைப்பர் டிரைவர் பக்கம் மட்டும்தான். அதுவும் கண்ணாடியில் இருக்காது. பழைய பேப்பரில் சுற்றி, டாஷ்போர்டுப் பெட்டிக்குள் படுத்திருக்கும். எங்கள் ஊர் வெயிலில் வெளியே கிடந்தால், மழை வருவதற்குள் ரப்பர் முறுக்காக நொறுங்கிவிடும். ஸ்டாண்டில் இருந்த டிரைவர்கள் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். தூறல் விழுந்ததும் வண்டியை ஓரங்கட்டி, நனைந்துகொண்டே வைப்பரை மாட்டுவோம். மாட்டி முடித்து நிமிர்ந்தால் பெரும்பாலும் மழை நின்றிருக்கும்.

என் மனைவி அந்த வண்டியில் ஏறியதே இல்லை. வண்டி என்றாலே அவளுக்குப் பயம். முதல் பிள்ளை வயிற்றில் இருந்தபோது, இலுப்பூரில் இருந்த தாய்வீட்டுக்கு பஸ்ஸில் போனாள். அன்னவாசல் தாண்டி பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஊர் போய்ச் சேர்ந்தாள், பிள்ளை தங்கவில்லை. பள்ளத்தால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அவள் மட்டும் எப்போதாவது சொல்வாள்: "அந்தப் பள்ளம் வர்றது எனக்குத் தெரியலீங்க. தெரிஞ்சிருந்தா கம்பியப் புடிச்சிருப்பேன்ல."

எல்லாவற்றுக்கும் ஒரு வேடிக்கைப் பேச்சு வைத்திருக்கும் நான், அப்போது மட்டும் துண்டை எடுத்துக்கொண்டு வண்டியைத் துடைக்கப் போய்விடுவேன்.

மறுபடி உண்டானாள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்குப் போயாக வேண்டும். மாட்டு வண்டி குலுக்கும், பஸ் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. மிச்சம் இருந்தது நானும் என் வண்டியும். எங்கள் இருவரையும் நம்பி யாரும் எதையும் ஒப்படைத்ததில்லை. நெடுநேரம் யோசித்துவிட்டு அவள் சொன்னாள்: "வாரேன். ஆனா முன்சீட்டுலதான் ஒக்காருவேன். எனக்கு ரோடு தெரியணும்."

ஐப்பசி மாதம். மழை பிடித்துக்கொண்டால் அவள் பக்கக் கண்ணாடியில் ரோடு எங்கே தெரியும்? என் பக்கத்து ரப்பரும் தேய்ந்துபோயிருந்தது. கீழ ராஜ வீதியில் இருந்த மோட்டார் சாமான் கடைக்குப் போனேன்.

"வைப்பர் வேணும்ணே."

கடைக்காரர் வெளியே தலையை நீட்டி வானத்தைப் பார்த்தார். "ஏன்ப்பா, யாரும் மழை பெய்யுதுன்னு சொன்னாகளா?"

தூசி தட்டி, மேஜைமேல் இரண்டு விதம் வைத்தார். ஒன்று சீமை பிளேடு. மெல்லிய ரப்பர் ஏடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பளபளவென்ற உறையில் கோத்தது. மற்றது மெட்ராஸில் செய்தது. தகரப் பட்டையில் தடியாக ஒரே ரப்பர்.

"சீமைது ஒண்ணுதான் இருக்கு. ஒரு இழுப்பு இழுத்துச்சுன்னா கண்ணாடி இருக்கதே தெரியாது. இது எத்தனை வேணும்னாலும் இருக்கு. ஆனா இது தண்ணிய வழிக்காது. அங்கிட்டும் இங்கிட்டும் தடவிக் குடுக்கும்."

சீமை பிளேடை எடுத்து விரலால் தடவிப் பார்த்தேன். ஆசையாக இருந்தது. மடியில் இருந்த காசுக்குச் சீமை பிளேடு ஒன்று, இல்லையென்றால் மெட்ராஸ் பிளேடு ஒரு ஜோடி. எனக்குத் தெளிவாகத் தெரிந்தால் அவளைப் பத்திரமாகக் கொண்டுபோய்விடலாம். ஆனால் அவள் பக்கம் தண்ணீர்த் திரையாக இருந்தால், பத்திரமாகப் போகிறோம் என்பது எனக்கு மட்டும்தானே தெரியும்?

"மெட்ராஸுதுல ஒரு சோடி குடுங்க."

"ஓட்டுறவனுக்குத் தெரிஞ்சாப் பத்தாதா? பக்கத்துச் சீட்டுக்கு எதுக்கு?"

"பக்கத்துச் சீட்டுல எம் பொஞ்சாதிண்ணே."

"அப்ப சரி. அவுகளுக்குத் தெரியாம ஒனக்கு மட்டும் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" பேப்பரில் சுற்றிக்கொண்டே எச்சரித்தார். "ஒன் வண்டி வைப்பர் எஞ்சின் காத்த இழுக்குற இழுப்புல ஆடுறது. ஒண்ணையே மொனகிக்கிட்டுத்தான் ஆட்டும். ரெண்டு மாட்டினா, ஆக்சிலேட்டர மிதிச்ச ஒடனே ரெண்டும் படுத்துக்கும். ரோடு தெரியணும்னா மெள்ளத்தான் போகணும்."

வளைகாப்பு முடிந்தது. அவள் வீட்டு ஆட்கள் ஏற்பாடுகளைக் கவனிக்க முன்னால் பஸ்ஸில் போய்விட்டார்கள். கட்டுச்சோறும் பாத்திரங்களும் வண்டியின் பின்சீட்டை அடைத்துக்கொண்டன. கிளம்பும் நேரத்தில் என் அம்மா வந்து, முன்கண்ணாடியில் என் பக்கமாக நிறைய சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தாள். ஐப்பசி மழைக்குக் கரையக் கூடாதென்று இரண்டையும் நல்லெண்ணெயில் குழைத்திருந்தாள்.

"என்னாத்தா இது, எம் மூஞ்சிக்கு யாரு கண்ணு வைக்கப் போறா?"

"ஒம் மூஞ்சிக்கு நாய்கூட கண்ணு வைக்காதுடா. இது வகுத்துப் புள்ளைக்கு. வாய மூடிக்கிட்டு ரோட்டப் பாத்து ஓட்டு."

அன்னவாசல் வரை வெயில். தாண்டியதும் வானம் பொத்துக்கொண்டது. இறங்கி, சொட்டச் சொட்ட நனைந்து, இரண்டு வைப்பரையும் மாட்டினேன். அவள் பக்கத்து வைப்பர் தண்ணீரைத் தள்ளியது. கலங்கலாகவாவது ரோடு தெரிந்தது. என் பக்கத்து வைப்பர் ஒருமுறை போய்வந்தது. கண்ணாடியில் சிவப்பாக ஒரு பிறை. அடுத்த இழுப்பில் சந்தனமும் சேர்ந்து, யாரோ வெற்றிலை போட்டுக் கண்ணாடி முழுக்கத் துப்பியதுபோல் ஆனது. மறுபடி இறங்கித் துண்டால் துடைத்தேன். எண்ணெய் அல்லவா? விட்டுவைத்திருந்த மூலைக்கும் பரவியது.

அம்மாவின் குங்குமம் மழைக்குக் கரையவே இல்லை. அதற்கு நான் சாட்சி.

"நிப்பாட்டிப் போடவா?" என்றேன்.

"முன்னால ஓடை இருக்கு. தண்ணி வந்துட்டா இங்கிட்டே கெடக்கணும். வலி கிலி எடுத்தா யாரு இருக்கா இங்க? போங்க."

"எங்கிட்டுப் போறது புள்ள? எனக்கு ஒண்ணும் தெரியல."

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியுது. நான் சொல்றேன், நீங்க ஓட்டுங்க."

வண்டியை நகர்த்தினேன். நான் அவள் பக்கம் தலையை நீட்டி எட்டிப் பார்த்தேன். "தலைய எடுங்க, மறைக்குது!" என்று அதட்டினாள். எடுத்தேன்.

"இங்கிட்டு வாங்க. இன்னுங் கொஞ்சம்... போதும் போதும், புளியமரத்துல ஏத்திறாதீங்க! மிதிக்காதீங்க, வைப்பரு நிக்கிது. ம், இப்ப வாங்க. மாடு நிக்கிது... அது பாட்டுக்கு நிக்கிது, நீங்க அங்கிட்டு ஒடிங்க."

அவள் பயப்படாமல் இருக்க ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். "பேசாம வாங்க" என்றாள்.

திடீரென்று அவள் குரல் மாறியது. "பள்ளம்."

காலை எடுத்தேன். வேகம் குறையக் குறைய இரண்டு வைப்பரும் குஷியாக ஆடின. அவள் ஒரு கையால் சீட்டைப் பிடித்தாள், மறு கையை வயிற்றில் வைத்துக்கொண்டாள். வண்டி ஊர்ந்து இறங்கியது, ஊர்ந்து ஏறியது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் ரோட்டைப் பார்த்தாள்.

"ம். போங்க."

ஓடையில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர் வந்திருந்தது. கடந்தோம். இலுப்பூர் வந்தபோது மாமியார் குடையோடு தெருவுக்கே ஓடிவந்தார். மகளைத் தலைமுதல் கால்வரை பார்த்தார். அவர் முகத்திலும் அந்தப் பழைய பயம் இருந்தது.

"பயந்துட்டியா ஆத்தா?"

"பயப்பட எங்கம்மா நேரம்? நான்ல ஓட்டியாந்தேன். அவுக சும்மா ஸ்டீரிங்கப் புடிச்சுக்கிட்டு வந்தாக."

மாமியார் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே யாரையும் பிடித்துக்கொள்ளாமல் படியேறினாள்.

தை மாதம் மகள் பிறந்தாள். அவர்களை அழைத்துவரப் போனபோது, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்காமலே முன்சீட்டில் ஏறினாள். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, என் பக்கத்துக் கண்ணாடியும் பளிச்சென்று இருந்தது. ஆனாலும் வழிநெடுக, "இங்கிட்டு வாங்க, அங்கிட்டு ஒடிங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நானும் ஒன்றும் தெரியாதவன்போல, அவள் சொன்ன பக்கமெல்லாம் திருப்பிக்கொண்டு வந்தேன்.