சென்டரை வெளியே நிற்கவைத்த மும்தாஜ்

மும்தாஜ் போய்விட்டாள்.

காலையில் ராஜபாளையத்திலிருந்து போன். நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி வாசலை எட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். நாற்பத்து நாலு வயசு.

பேண்டேஜ் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். எங்கள் பாஸ்கெட்பால் டீமின் பாயிண்ட் கார்டு. ஐந்தடி கூட முழுசாக இல்லை.

அழுதுவிட்டேன். ஆனால் அந்த ஃபைனலை நினைத்தால் இப்பவும் கை பரபரக்கிறது. அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

சில வருஷங்களுக்கு முன்னால், முப்பத்தைந்து வயது தாண்டிய பெண்களுக்கு ராஜபாளையத்தில் ஒரு டோர்னமெண்ட். காலேஜோடு விளையாட்டை விட்டுவிட்டு கல்யாணம், பிள்ளை, வேலை என்று போனவர்கள் எல்லாம் திரும்ப ஷூ மாட்டினோம். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டைப்பிஸ்ட். ஆறடிக்கு ஓர் அங்குலம்தான் குறைவு.

தெரியாதவர்களுக்காக... ஒரு டீமில் ஐந்து பேர், ஐந்து நம்பர். ஒன்று பாயிண்ட் கார்டு, ஆட்டத்தை நடத்துபவர். இரண்டு தூரத்திலிருந்து ஷூட் செய்பவர். மூன்றும் நாலும் ஃபார்வர்டு. ஐந்து சென்டர், ரிங்குக்குக் கீழே நின்று பந்தைப் பிடிப்பவர்.

குட்டையாக இருந்தால் ஒன்று, நெட்டையாக இருந்தால் ஐந்து. எனக்கு எங்கே ஆட ஆசை என்று ஒருத்தரும் கேட்டதில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு ரெண்டு அடி வைத்தாலே விசில் அடித்துத் திட்டுவார்கள்.

டோர்னமெண்டுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது என் முழங்கால் போய்விட்டது. ஓடலாம், ஆனால் குதிக்கக் கூடாது என்றார் டாக்டர்.

எங்கள் கோச் முகத்துக்கு நேராகவே சொன்னார். "குதிக்க முடியாத சென்டர வச்சுக்கிட்டு நான் என்னம்மா செய்ய? வேற ஆள் பாக்கேன்."

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மும்தாஜ் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடிவந்தாள்.

"ஏட்டி, எங்க போற? குதிக்க முடியாதுன்னா குதிக்காத. தள்ளி நின்னு போடு."

"நான் சென்டர்டி..."

"யாரு சொன்னா? ஒன் ஒசரம் சொல்லுச்சா?"

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் காலை ஆறு மணிக்கு கிரவுண்டில் நாங்கள் ரெண்டு பேரும். ரிங்கிலிருந்து தள்ளி ஒரு கோடு இருக்கும், அதற்கு வெளியே நின்று போட்டால் மூணு பாயிண்ட். அங்கே என்னை நிறுத்தி ஷூட் பண்ணச் சொல்வாள். விழாத பந்தையெல்லாம் அவளே ஓடிப்போய் எடுத்துவருவாள். முதல் வாரம் எம்புட்டு ஓடியிருப்பாள், பாவம்!

கடைசியில் அவள் கோச்சிடம் மல்லுக்கட்டி என்னை டீமில் சேர்த்தாள்.

ஃபைனலில் எதிர் டீம் மதுரைக்காரர்கள். அவர்களுடைய சென்டர் என்னைவிட உயரம். ரிங்குக்குக் கீழே சுவர் மாதிரி நின்றாள். உள்ளே போன பந்தையெல்லாம் தட்டிவிட்டாள்.

நான் வெளியே நின்றேன். முதல் ஷூட் போச்சு. இரண்டாவதும் போச்சு. எங்கள் ஊர்க்காரர்களே கத்தினார்கள். "ஏட்டி நெட்டை, உள்ள போ!"

கோச் டைம் அவுட் கேட்டார். என்னை வெளியே எடுக்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மும்தாஜ் அவர் முன்னால் போய் நின்றாள். "சார், இவ அங்கயே நிக்கட்டும். எல்லாப் பந்தும் விழணும்னு இல்ல. ஒண்ணே ஒண்ணு விழுந்தாப் போதும், அந்த ஒசரக்காரி இவளப் பிடிக்க வெளிய வந்துருவா. பொறவு உள்ள யாரு இருக்கா? நான் பாத்துக்கிடுதேன்."

மூணாவது ஷூட் விழுந்தது. நாலாவதும்!

அந்த சென்டர் என்னை மறிக்க வெளியே வந்தாள். ரிங்குக்குக் கீழே காலி... மும்தாஜ் உள்ளே பாய்ந்தாள். ரிங்குக்குப் பக்கத்தில் ஓடிப்போய் எம்பிப் போடும் ஒரு லே-அப். இன்னொன்று. இன்னொன்று! அவளைவிட உயரமானவர்களுக்கு நடுவில், சின்னச் சந்துக்குள் சைக்கிள் ஓட்டுவது மாதிரி போய் வந்தாள்.

கடைசி நிமிஷம். ஒரு பாயிண்ட் பின்னால் இருக்கிறோம். இப்போது மும்தாஜை ரெண்டு பேர் மறிக்கிறார்கள்.

அவள் பந்தை என் கையில் கொடுத்தாள். "இப்ப நீதான் பாயிண்ட் கார்டு."

"எனக்குத் தெரியாதுடி!"

"ஒனக்குத்தான் எல்லார் தலையும் தெரியுது. பாத்துப் போடு."

சொல்லிவிட்டு ஓடினாள். நான் பந்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். நிஜமாகவே எல்லாம் தெரிந்தது. யார் எங்கே திரும்புகிறார்கள், எங்கே இடைவெளி... மறித்தவர்கள் என்னைப் பார்த்த அந்த ஒரு நொடியில் அவர்கள் முதுகுக்குப் பின்னால் அவள் ரிங்கை நோக்கிப் போனாள். போட்டேன். பிடித்தாள். பலகையில் பட்டு உள்ளே விழுந்தது.

விசில்.

ஒரு பாயிண்டில் ஜெயித்தோம்! கோச் என் முழங்காலை மறந்து என்னைத் தூக்கப் பார்த்தார்.

போன மாதம் கோர்ட் நடந்துகொண்டிருக்கும்போது போன் பண்ணினாள். வெளியே ஓடிவந்து எடுத்தேன்.

"ஏட்டி, அமெரிக்கா மேட்ச் ஒண்ணு பாத்தேன். ஏழடி ஆளு, பந்தத் தட்டிக்கிட்டே வாரான், பாஸ் குடுக்கான், தூரத்துல நின்னு போடுதான்! நாம ஆடுனத இப்பத்தான் அவிய கண்டுபிடிச்சிருக்காவ!"

எம்புட்டுச் சிரிப்பு... ஜட்ஜ் ஐயாவுக்குக் கேட்டிருக்கும்.

மத்தியானம் போய் முகம் பார்த்துவிட்டு வந்தேன். அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "நீதானாம்மா அது? இந்த வீடு கட்டும்போது, நீ வந்தா தலை இடிக்கும்னு வாச நிலைய ஒசத்திக் கட்டச் சொன்னாம்மா எம்மக."

உள்ளே போனபோது நான் குனியவே இல்லை என்பது அப்போதுதான் தோன்றியது... வெளியே வந்து வாசல் நிலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

நல்ல இடத்துல இரு, மும்தாஜ்.