வெள்ளிச் சாயம் அடித்த டேங்கி

பண்டார் தெங்காராவுக்கு அப்பால், செம்பனை எண்ணெய்த் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வரிசையில் என் வீடுதான் மேட்டில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால், செங்கல் மேடையில் ஒரு டீசல் டேங்கி இருந்தது. என் வீட்டுக்காரர் தோட்டத்தில் டீசல் அளந்து கொடுத்தவர். தோட்டம் கைமாறியபோது அந்த டேங்கியைக் கேட்டு வாங்கி வந்து, பழக்குலை ஏற்றும் டிராக்டர்களுக்கு வீட்டிலிருந்தே ஊற்றினார். "என் கையில இருந்து ஒரு சொட்டு கீழ விழுந்தது கிடையாது" என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் சொல்வார். அது உண்மை. அவர் கையிலிருந்து விழவில்லை.

ஆயுத பூசைக்கு மற்றவர்கள் மோட்டார் சைக்கிளைக் கழுவுவார்கள். நாங்கள் டேங்கியைக் கழுவி, வெள்ளிச் சாயம் அடித்து, சந்தனம் குங்குமம் வைப்போம். வருடா வருடம் சாயத்தின் மேலேயே சாயம். துருவைச் சுரண்டி விட்டு அடிக்கலாம் என்று அவர் ஒரு முறை சொன்னார். சாமிக்கு வைத்த பொட்டைச் சுரண்டக் கூடாது என்று நான்தான் தடுத்தேன். மேடையோடு ஒட்டியிருந்த அடிப்பக்கத்தை யாரும் பார்த்ததே இல்லை.

அவர் படுக்கையில் விழுந்த வருடம், ஒரு மழைக்குப் பிறகு, மேடைக்குக் கீழே புல் கருகிக் கிடந்தது. மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்தேன். டீசல் வாடை. தெரிந்துவிட்டது. உள்ளே போய் அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்ல வாய் வரவில்லை. அவர் போன பிறகும் யாரிடமும் சொல்லவில்லை. மிச்சமிருந்த டீசலை எடுக்கவும் ஆள் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள்.

மேட்டுக்குக் கீழே, வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கீழ்வீட்டுக்காரி என்னைவிட இருபது வயது இளையவள். குழாயில் தண்ணீர் வராத நாளெல்லாம் அவளுக்குத் தன் வீட்டுக் கிணற்றில்தான் குளிப்பும் துவைப்பும். ஒரு நாள் வேலிக்கு வந்தாள்.

"அக்கா, கிணத்துல ஏதோ மினுமினுன்னு மெதக்குது. வாடை வேற."

"கொசு எண்ணெய்டி அது. அந்தக் காலத்துல கொசு சாகட்டும்னு தோட்டத்துக் கால்வா முழுக்க ஊத்துனாங்கல்ல, மழைக்கு மேல வருது."

"அலமாக், இத்தனை வருசம் கழிச்சா?"

"தோட்டத்து எண்ணெய். நம்மள மாதிரி. அவ்வளவு லேசுல போயிருமா?"

சிரித்துக்கொண்டே போனாள். தோட்டத்தில் பிறந்த எவளும் நம்புவாள். அந்த எண்ணெய் மிதந்த கால்வாயில் கால் நனைத்து வளர்ந்தவர்கள்தானே நாங்கள். பிறகு அவள் கைகளில் தோல் வெடித்தது. சவுக்காரம் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். நான் தேங்காய் எண்ணெய் காய்ச்சிக் கொண்டுபோய் என் கையாலேயே தடவி விட்டேன்.

மூன்று வருடம் அப்படிப் போனது. சிங்கப்பூரில் வேலை செய்யும் அவள் மகள் லீவில் வந்தபோது, அம்மாவின் கையையும் கிணற்றையும் பார்த்துவிட்டு சுற்றுச்சூழல் இலாகாவுக்குப் போன் அடித்தாள். இரண்டு பேர் வந்தார்கள். கிணற்றுத் தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் பிடித்தார்கள். மேட்டில் குழாயை இறக்கி மண் எடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி நம்ம தமிழ்ப் பிள்ளை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆண்ட்டி, டேங்கி யாரோடது, எப்பருந்து ஒழுகுதுன்னு எழுதணும். சட்டம் அதைத்தான் கேக்குது."

"டேங்கி எங்களோடது. ஒழுகுனது இப்பத்தான் இருக்கும். அவர் இருந்த வரைக்கும் ஒரு சொட்டு..."

"நல்லா யோசிச்சு சொல்லுங்க. வருசக் கணக்கா ஒழுகியிருந்தா இன்னும் ஆழமா தோண்டணும். அந்தத் தண்ணிய எத்தனை வருசமா தொட்டாங்கன்னு அவங்க டாக்டருக்கும் தெரியணும். தெரிஞ்சே மறைச்சிருந்தா, அதையும் நான் எழுதித்தான் ஆகணும்."

கீழ்வீட்டுக்காரி கையில் துணி சுற்றிக்கொண்டு வேலியோரம் நின்றாள். எனக்காகப் பேசினாள்.

"விடும்மா. மாமாவும் போய்ட்டாங்க. பாவம், அக்காவுக்கு என்ன தெரியும்?"

எனக்கு என்ன தெரியும் என்று என் காது கேட்க அதுவரை யாரும் சொன்னதில்லை. அதுவும் பாவம் என்று.

"எனக்குத் தெரியும்" என்றேன். "அவர் படுத்த வருசமே தெரியும். உன்கிட்ட கொசு எண்ணெய்னு சொன்னது பொய்."

அவள் சுற்றியிருந்த துணியை விலக்கித் தன் கையைப் பார்த்தாள்.

"தேங்கா எண்ண தடவி விட்டீங்களேக்கா" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

இலாகாப் பிள்ளை நான் சொன்னதை எழுதிவிட்டு, கைநாட்டு மையை எடுத்தாள். வேண்டாம் என்று பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி என் பெயரையே போட்டேன்.

டேங்கியை அறுத்தார்கள். அடித்தகடு சல்லடையாக இருந்தது. சாயம் பட்டை பட்டையாக உரிந்தது. ஒவ்வொரு பட்டைக்கும் நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. மண்ணைக் கிணறு வரைக்கும் தோண்டி லோரியில் ஏற்றிப் போனார்கள். கிணற்றை மூடிவிட்டார்கள். அவள் கை இன்னும் ஆறவில்லை என்று அடுத்த வீட்டில் சொன்னார்கள். கேஸ் நடக்கிறது; கூப்பிடும்போது போய் நிற்கிறேன். அவள் வேலி முழுக்கத் தகரம் அடித்துவிட்டாள்.

இந்த வருடம் ஆயுத பூசைக்குப் பொட்டு வைக்க ஒன்றும் இல்லை. கடலை அவித்துத் தாளித்து, தூக்குச்சட்டியில் போட்டு அவள் கேட்டில் மாட்டிவிட்டு வந்தேன். சாயங்காலம் அது என் கேட்டில் தொங்கியது. மூடி திறக்கவே இல்லை. உள்ளே எடுத்துப் போய் நானே தின்றேன்.