ஸ்டெல்லா நீக்கிய கொடியிடை

நான் எழுதிய மாத நாவல்களை அச்சான பிறகு ஒருமுறைகூடப் படித்ததில்லை. சோம்பேறித்தனம் பாதி, வெட்கம் பாதி. தொண்ணூறுகளில் திண்டுக்கல்லில் பகலெல்லாம் வாத்தியார் வேலை, மாலையில் காதல் கதை. என் நாயகிகள் எல்லோருக்கும் ஒரே கொடியிடை. என் கையெழுத்து அச்சகத்துக்குப் புரியாது என்பதால் மனைவி ஸ்டெல்லாதான் பிரதி எடுத்துத் தருவாள். ஸ்டெல்லா நல்ல பருமன்.

ஒருநாள் சாணார்பட்டியிலிருந்து ஒரு பெண் வீடு தேடி வந்தாள். அவளும் பருமன்தான்.

"சார், ஒங்க கதையில குண்டுப் பொண்ண கதாநாயகன் அம்புட்டு ஆசையாக் கட்டுறானே! அதப் படிச்ச பெறகுதேன், பொண்ணு பாக்க வந்தவுக முன்னாடி வயித்த எக்கிப் பிடிக்காம நின்னேன். அவுக வேணாம்னுட்டாக. மிஞ்சுன கேசரிய நானே சாப்ட்டேன்."

குண்டுப் பெண்ணா? நான் எழுதவே இல்லையே. அவள் போனதும் அவள் சொன்ன நாவலைத் தேடி எடுத்துப் புரட்டினேன். கொடியிடை இருக்க வேண்டிய இடத்தில், மூச்சு வாங்கப் படியேறும் ஒருத்தியை நாயகன் ரசித்துக்கொண்டிருந்தான்.

ஸ்டெல்லாவிடம் கேட்டேன்.

"ஆறு வருசமா ஒல்லி இடுப்பையே எழுதி எழுதி, சோத்துல கை வைக்கவே கூச்சமா இருந்துச்சு. அதேன் ஒரு தடவ மாத்திப் பாத்தேன்" என்றாள். குரலில் கோபமில்லை, அலுப்புதான். அவள் அரைவயிறு சாப்பிட்ட அத்தனை நாளும் எதிரே உட்கார்ந்திருந்தவன் நான். என் தட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

பிராயச்சித்தமாக அடுத்த கதையில் அவளையே நாயகியாக்கினேன். பிரதி எடுத்து முடித்து, நோட்டை மூடிவிட்டுச் சொன்னாள்:

"நாந்தேன்னு தெரியுது. கதை முடியிற வரைக்கும் அவள செத்த நேரம்கூட உக்கார விடலையே நீங்க."