விரல்கள் பிரிகிற வாரம்

என் மனைவிக்குக் கரு கலைந்த அன்று, அவள் கட்டிலருகே உட்கார்ந்து மீன் துடுப்பைப் பற்றிப் பேசியவன் நான். ஒரு வரியில் நிறுத்தியிருந்தால் வெட்கம் கொஞ்சம் குறைந்திருக்கும். இருபது நிமிடம் பேசினேன்.

எனக்கு அப்போது நாற்பத்தாறு, அவளுக்கு முப்பத்தொன்பது. பதினோரு வருடம் காத்து, டாக்டர்களும் களைத்து, மாதாவுக்கு நேர்ந்துகொள்ள எதுவும் பாக்கியில்லாத நேரத்தில் கரு தானாக வந்து நின்றது. நல்ல கணவன் மாங்காய் வாங்கி வருவான். நான் புத்தகங்கள் வாங்கி வந்தேன். படித்தது பி.காம். ஆனால் கருவில் எந்த உறுப்பு எப்போது முளைக்கிறது, அது எந்தப் பழைய பிராணியிடமிருந்து நமக்கு வந்தது என்பதில் திடீர்ப் புலமை வந்துவிட்டது. வாராவாரம் வீட்டில் பிரசங்கம்.

“இந்த வாரம் கழுத்துகிட்ட வளைவு வளைவா இருக்கும். மீனுக்கு அது செவுளாயிடும். நமக்குத் தாடையும் காது எலும்பும் ஆகும்.”

ஞாயிற்றுக்கிழமை வீராம்பட்டினத்து மீன் வந்தால், அதன் துடுப்பை விரித்துப் பிடித்துக்கொண்டு அடுப்பங்கரையில் நிற்பேன்.

“இதோட நுனிய வளக்குற அதே மரபணுதான் நம்ம விரலையும் வளக்குது. எலிக்கு அத எடுத்துட்டா விரலே சரியா வராது.”

“எடுக்க வேணாம், இருக்கட்டும். மீனக் குடுங்க, கொழம்பு கொதிக்குது.”

ஆனாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். கை முதலில் துடுப்பு மாதிரித் தட்டையாகத்தான் முளைக்கும், நடுவிலிருக்கும் செல்கள் செத்து விழுவதால்தான் விரல் விரலாகப் பிரியும் என்று எட்டாவது வாரம் சொன்னேன். அவள் தன் கையை விரித்துப் பார்த்தாள். “செத்துதான் வெரல் வருதா? பாவம்” என்றாள்.

நாலாவது மாதம் முடிகிற சமயம், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வலி வந்தது. மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நர்ஸ் வெளியே வந்து, “பாக்கறீங்களா சார்? இல்ல, நாங்களே பாத்துக்கட்டுமா?” என்று கேட்டார். துணி மூடிய ஒரு தட்டு கண்ணில் பட்டது. மூன்று மாதமாக அந்தக் கையைப் பற்றி வகுப்பெடுத்தவன், “நீங்களே பாத்துக்குங்க” என்று கையெழுத்துப் போட்டேன். அவள் மயக்கத்தில் இருந்தாள் என்பது நான் எனக்கே சொல்லிக்கொள்ளும் சமாதானம். ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் விழித்திருப்பாள்.

அவளுடைய தம்பி ரெட்டியார்பாளையத்தில் டூவீலர் மெக்கானிக். கிரீஸ் கையோடு, ஒரு புதுத் துண்டும் சின்ன மரப்பெட்டியும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். அவர்கள் குடும்பத்தில் இப்படிப் போகிற பிள்ளையையும் ஆண்கள் கல்லறைக்கு எடுத்துப்போய், ஓரமாகப் புதைத்து ஒரு ஜெபம் சொல்வார்கள். பதினோரு வருட மாப்பிள்ளைக்கு அது தெரியும். பேனாவைப் பிடித்தபோது மட்டும் தெரியவில்லை.

“எங்க மாமா?”

சொன்னேன். உள்ளே ஓடிப்போய்க் கேட்டான். ஆஸ்பத்திரிக் கழிவோடு அனுப்பியாகிவிட்டது. பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான்.

அவள் கண் விழித்தாள். அழத் தெரியாதவனுக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகம்தான். முப்பது கோடி வருடங்களுக்கும் முந்தைய மீனிலிருந்து தொடங்கினேன். விரல்களுக்கு வந்தபோது நிறுத்தினாள்.

“வெரல் பிரிஞ்சிருந்துச்சா?”

“எட்டு, பத்து வாரத்துக்குள்ளயே பிரிஞ்சிடும். அதனால நிச்சயமா...”

“புஸ்தகத்தக் கேக்கல. நீங்க பாத்தீங்களா?”

“இல்ல.”

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இரண்டு வருடமாகிறது. பேசுகிறாள், சமைக்கிறாள், ஞாயிறு பூசைக்குப் போகிறாள். மீன் வாங்கினால் துடுப்பைக் கடையிலேயே நறுக்கிவிட்டு வரச் சொல்கிறாள். விரலைப் பற்றி மட்டும் மறுபடி கேட்கவில்லை. கேட்டாலும் என்னிடம் அந்த ஒரு பதில்தான் இருக்கிறது.

போன மாதம் வண்டியை சர்வீசுக்கு விட்டபோது, இதையெல்லாம் மச்சானிடம் கொட்டினேன். ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துக்கொண்டே கடைசிவரை கேட்டான்.

“பாத்தேன், பத்து வெரலும் அழகா இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போறதுதான மாமா” என்றான். “இவ்ளோ படிச்சி என்னத்துக்கு?”